கழுவினால் போகாது!

நான்கு பெண்களில் ஒருவருக்கு இருக்கும் பாக்டீரியல் வெஜைனோசிஸ்... அழுக்கைக் குறை சொல்கிறோம், சூட்டைக் குறை சொல்கிறோம், பெண்ணையே குறை சொல்கிறோம். உண்மையில் என்னதான் காரணம்?

மனைவிக்கு வந்த தொந்தரவுக்குக் கணவருக்கும் சேர்த்து மருந்து கொடுத்தால் என்ன ஆகும்? ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் மருத்துவர்கள் இதைச் சோதித்துப் பார்க்கக் கிளம்பினார்கள். ஆய்வைப் பாதியிலேயே நிறுத்த வேண்டியதாகிவிட்டது. காரணம், இருவரும் மருந்து எடுத்துக்கொண்ட ஜோடிகளில் நோய் திரும்புவது அந்த அளவுக்குக் குறைந்திருந்தது. பெண்ணுக்கு மட்டும் மருந்து கொடுத்த பிரிவை இனியும் அப்படியே தொடர விடுவது நியாயமில்லை என்று ஆய்வைக் கண்காணித்த குழு சொல்லிவிட்டது. 2025 மார்ச்சில் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் முடிவுகள் வெளியானபோது, மகப்பேறு மருத்துவர்கள் காலங்காலமாகச் சொல்லிவந்த ஒரு பாடத்தைத் திருத்தி எழுத வேண்டிய நிலை வந்தது.

அந்தத் தொந்தரவின் பெயர் பாக்டீரியல் வெஜைனோசிஸ். மருத்துவர்கள் சுருக்கமாக 'பி.வி.' என்பார்கள். நம் வீடுகளில் இதற்கென்று தனிக் கணக்கு கிடையாது. வெள்ளைப்படுதல், வெட்டை, உடம்புச் சூடு என்று எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் போட்டுவிடுவோம். வீட்டுப் பெரியவர்கள் ஊறவைத்த வெந்தயம் கொடுப்பார்கள், இளநீர் குடிக்கச் சொல்வார்கள். அதில் அடங்காவிட்டால் மருந்துக் கடை. கூட்டம் குறையும்வரை ஓரமாக நின்று, தாழ்ந்த குரலில் 'வெள்ளைப்படுது' என்று சொன்னால், பெரும்பாலும் பூஞ்சைத் தொற்றுக்கான மாத்திரைதான் கைக்கு வரும். பி.வி. பூஞ்சையால் வருவதில்லை. ஆகவே அந்த மாத்திரையால் அது போவதும் இல்லை. போகாதபோது அந்தப் பெண் என்ன செய்வார்? சோப்பை எடுத்துக்கொண்டு இன்னும் அழுத்திக் கழுவுவார். சிக்கல் அங்கேதான் பெரிதாகிறது.

எத்தனை பேருக்கு?

குழந்தை பெறும் வயதிலுள்ள பெண்களுக்கு வழக்கத்துக்கு மாறான வெள்ளைப்படுதல் ஏற்பட முதல் காரணம் பி.வி.தான். உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் திரட்டி 2019-ல் வெளியான தொகுப்பு ஒன்று, இந்த வயதுப் பெண்களில் 23 முதல் 29 சதவீதம் பேருக்கு இது இருப்பதாகக் கணக்கிட்டது. ஐரோப்பாவிலும் மத்திய ஆசியாவிலும் 23 சதவீதம். வட அமெரிக்காவில் 27. நாம் இருக்கும் தெற்காசியாவில் 29. பணக்கார நாடு, ஏழை நாடு என்ற பேதம் இதில் பெரிதாக இல்லை. அறிகுறியுள்ள பெண்களின் சிகிச்சைக்கு மட்டும் உலகம் ஆண்டுக்கு ஏறத்தாழ 480 கோடி டாலர் செலவழிக்கிறது என்றும் அதே தொகுப்பு சொல்கிறது.

அமெரிக்காவில் 2001 முதல் 2004 வரை நடந்த தேசிய ஆய்வில், 14 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 29.2 சதவீதம் பேருக்கு பி.வி. இருந்தது. அவர்களில் 84 சதவீதம் பேருக்கு எந்த அறிகுறியும் இல்லை. வாடை, அரிப்பு, நீர் போன்ற கசிவு எதுவும் இல்லாமல், தங்களுக்கு இருப்பதே தெரியாமல் நடமாடிக்கொண்டிருந்தார்கள். அங்கே வெள்ளை இனப் பெண்களில் 23 சதவீதம், மெக்சிகோ வம்சாவளிப் பெண்களில் 32 சதவீதம், கறுப்பினப் பெண்களில் 51 சதவீதம். உடலுக்குள் இயல்பாக வாழும் பாக்டீரியாக்களில் உள்ள வேறுபாடு, வறுமை, மருத்துவ வசதிக்கு எட்டாத தூரம் என்று பல காரணங்கள் இந்த இடைவெளிக்குப் பின்னால் இருக்கின்றன.

இந்தியக் கணக்கும் இதையொட்டியே போகிறது. டெல்லியில் நடந்த ஓர் ஆய்வில் மொத்தம் 32.8 சதவீதம் பேருக்கு பி.வி. இருந்தது. நகரக் குடிசைப் பகுதியில் 38.6, கிராமத்தில் 28.8, நடுத்தர வர்க்கக் குடியிருப்பில் 25.4 சதவீதம். மைசூரில் 2005-06-ல் சுமார் 900 இளம்பெண்களைப் பரிசோதித்தபோது 19 சதவீதம். இந்த எண்ணிக்கையில் குறைந்ததை வைத்துப் பார்த்தாலும், ஐந்து பேர் உட்கார்ந்து பேசும் இடத்தில் ஒருவருக்கு இருக்கிறது.

உள்ளே நடப்பது என்ன?

பெண்ணின் பிறப்புறுப்புக்குள் எப்போதும் பாக்டீரியாக்கள் வாழ்கின்றன, வாழவும் வேண்டும். ஆரோக்கியமான பெண்கள் பலரிடம் அங்கே ஆட்சி செய்பவை லாக்டோபேசிலஸ் வகையைச் சேர்ந்தவை. ஜெர்மன் மருத்துவர் ஆல்பர்ட் டோடர்லைன் 1892-லேயே இவற்றை விவரித்து எழுதிவிட்டார். பருவம் வந்த பிறகு ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனின் தூண்டுதலால் பிறப்புறுப்பின் உட்சுவர் செல்களில் கிளைகோஜன் என்ற மாவுச்சத்து சேர்கிறது. அதிலிருந்து இந்த பாக்டீரியாக்கள் லாக்டிக் அமிலத்தைத் தயாரிக்கின்றன. அதனால் அந்த இடத்தின் பி.ஹெச். அளவு 4.5-க்குக் கீழே, நல்ல புளிப்பாக இருக்கும். அந்தப் புளிப்பில் கெடுதல் செய்யும் கிருமிகள் பலவற்றுக்கும் தலைதூக்க முடியாது. பாலூட்டிகளில் மனிதப் பெண்ணிடம் மட்டுமே லாக்டோபேசிலஸ் இந்த அளவுக்குப் பெருகி நிற்கிறது. மற்ற விலங்குகளில் இது மிகச் சிறுபான்மைதான்.

ஏதோ ஒரு காரணத்தால் லாக்டோபேசிலஸ் குறைந்து, கார்ட்னெரெல்லா, பிரிவோடெல்லா போன்ற, காற்று அதிகம் தேவைப்படாத பாக்டீரியாக்கள் பல மடங்கு பெருகும்போது அந்த நிலையை பி.வி. என்கிறோம். பி.ஹெச். அளவு 4.5-ஐத் தாண்டுகிறது. சாம்பல் கலந்த வெள்ளை நிறத்தில், மெலிதான, ஒரே சீரான கசிவு வரும். கூடவே மீன் வாடை. இது கற்பனையான ஒப்பீடு இல்லை. கெட்டுப்போன மீனில் அந்த வாடையைத் தரும் டிரைமெத்திலமைன் என்ற அதே வேதிப்பொருளைத்தான் இந்த பாக்டீரியாக்களும் உண்டாக்குகின்றன. காரத்தன்மை பட்டால் அந்த வாடை சட்டென்று மேலெழும். விந்து காரத்தன்மை உள்ளது என்பதால், உறவுக்குப் பிறகு வாடை அதிகமாகிறது என்று பெண்கள் சொல்கிறார்கள். 'சரியாகச் சுத்தம் செய்துகொள்வதில்லையா?' என்று கணவர் கேட்கும் தருணமும் அநேகமாக அதுதான்.

எல்லாப் பெண்களின் உள் உலகமும் ஒரே மாதிரி இருப்பதில்லை. 2011-ல் அமெரிக்காவில் 396 பெண்களின் மாதிரிகளை மரபணு முறையில் ஆராய்ந்தபோது, ஐந்து விதமான பாக்டீரியா கூட்டங்கள் தெரிந்தன. நான்கில் ஏதாவது ஒரு லாக்டோபேசிலஸ் இனம் கோலோச்சியது. ஐந்தாவதில் லாக்டோபேசிலஸ் குறைவு, மற்றவை அதிகம். அந்த ஐந்தாவது வகையிலிருந்த பெண்களும் அறிகுறி எதுவும் இல்லாமல்தான் இருந்தார்கள். அதனால் 'கிருமி இருக்கிறது' என்று ஒரு சோதனை அறிக்கை சொன்ன மாத்திரத்தில் எல்லாருக்கும் மருந்து தேவைப்படுவதில்லை.

ஒரு துளி, ஒரு கண்ணாடித் தகடு

பி.வி.யைக் கண்டுபிடிக்கப் பெரிய ஸ்கேன் எதுவும் வேண்டாம். மருத்துவர் ஸ்பெகுலம் என்ற கருவியை வைத்து உள்ளே பார்க்கிறார். பஞ்சுக் குச்சியால் பக்கவாட்டுச் சுவரிலிருந்து கொஞ்சம் கசிவை எடுக்கிறார். அதை பி.ஹெச். தாளில் தடவினால், நிறத்தை வைத்து புளிப்பா காரமா என்று சில நொடிகளில் தெரிந்துவிடும். கண்ணாடித் தகட்டில் வைத்த கசிவின் மேல் பத்து சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலை ஒரு துளி விட்டு முகர்ந்தால், பி.வி. இருக்கும் பட்சத்தில் மீன் வாடை குப்பென்று கிளம்பும். இன்னொரு தகட்டில் உப்புக் கரைசல் கலந்து நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். இயல்பான உட்சுவர் செல்லுக்குக் கோடு போட்டது போன்ற விளிம்பு இருக்கும். பி.வி. உள்ளவரின் செல்லில் விளிம்பே தெரியாதபடி பாக்டீரியாக்கள் அப்பிக்கொண்டிருக்கும். இப்படிப்பட்டவற்றைத் துப்புச் செல்கள் என்கிறார்கள். ஐந்தில் ஒன்றுக்கு மேல் துப்புச் செல்லாக இருந்தால் அது ஓர் ஆதாரம்.

கசிவின் தன்மை, பி.ஹெச்., வாடை, துப்புச் செல் ஆகிய இந்த நான்கில் மூன்று இருந்தால் பி.வி. என்று முடிவு செய்யலாம். 1983-ல் வகுக்கப்பட்ட இந்த ஆம்செல் அளவுகோல் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. ஆய்வுக்கூடங்களில் கசிவுக்குச் சாயமேற்றி, பாக்டீரியா வகைகளை எண்ணி, 0 முதல் 10 வரை மதிப்பெண் போடும் நியூஜென்ட் முறை 1991-ல் வந்தது. 7 அல்லது அதற்கு மேல் வந்தால் பி.வி. இவ்வளவு எளிய சோதனை நம்மூரில் எத்தனை பேருக்கு நடக்கிறது என்பது வேறு கதை. அதற்குப் பிறகு வருவோம்.

எதனால் கூடுகிறது?

கழுவுவதிலிருந்தே தொடங்கலாம். பிறப்புறுப்புக்கு உள்ளே தண்ணீரையோ சோப்பையோ கிருமிநாசினியையோ விட்டு அலசும் பழக்கத்துக்கும் பி.வி.க்கும் உள்ள தொடர்பு பல நாடுகளின் ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிகிறது. அலசும்போது கிருமியோடு சேர்ந்து லாக்டோபேசிலஸும் அது உண்டாக்கிய அமிலமும் வெளியேறிவிடுகின்றன. வாடை போக வேண்டும் என்று கழுவுவார்கள்; கழுவியதால் அமிலம் குறையும்; அமிலம் குறைந்ததால் வாடை கூடும்; மறுபடி கழுவுவார்கள். 'பிரத்யேக' வாஷ், வாசனைத் திரவியம் என்று விளம்பரங்கள் இந்தச் சுழலை இன்னும் வேகப்படுத்துகின்றன. வெளிப்பகுதியைச் சாதாரணத் தண்ணீரில் கழுவினால் போதும். உட்பகுதி தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும்.

அடுத்தது உடலுறவு. புதிய துணை, ஒன்றுக்கு மேற்பட்ட துணை, ஆணுறை இல்லாத உறவு ஆகியவை பி.வி.யின் வாய்ப்பைக் கூட்டுகின்றன. ஆணுறை அதைக் குறைக்கிறது. பெண்ணோடு உறவு வைத்திருக்கும் பெண்களிடம் பி.வி. அதிகம், ஒருவருக்கு இருந்தால் துணைக்கும் இருக்கும் வாய்ப்பு கூடுதல். உகாண்டாவின் ரக்காய் பகுதியில் ஆண்களுக்குச் சுன்னத்து செய்து பின்தொடர்ந்த ஆய்வில், அவர்களின் மனைவியருக்கு பி.வி. வரும் அபாயம் சுமார் 40 சதவீதம் குறைந்தது. ஆணின் முன்தோலுக்கு அடியிலும் இந்த பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன என்பதற்கு அது ஒரு வலுவான துப்பு. இதையெல்லாம் படித்துவிட்டு மனைவியின் மேல் சந்தேகப்படக் கிளம்ப வேண்டாம். வாழ்நாள் முழுதும் ஒரே கணவரோடு வாழும் பெண்ணுக்கும் பி.வி. வரும். மேலே சொன்ன அமெரிக்க தேசிய ஆய்வில், உறவே கொண்டிராத பெண்களில்கூட 18.8 சதவீதம் பேருக்கு இருந்தது.

மூன்றாவது, மாதவிடாய். ரத்தத்தின் பி.ஹெச். சுமார் 7.4. அந்த நாட்களில் உள்ளே இருக்கும் புளிப்பு குறைகிறது; கார்ட்னெரெல்லாவுக்கு அது கொண்டாட்டம். அதனால்தான் மாதவிடாயை ஒட்டி அறிகுறிகள் தலைகாட்டுகின்றன என்று பலர் சொல்கிறார்கள். காப்பர்-டி பொருத்திய பெண்களிடம் பி.வி. கொஞ்சம் அதிகமாகக் காணப்படுவதற்கும், அதனால் கூடும் ரத்தப்போக்கு ஒரு காரணமாக இருக்கலாம். அதற்காகக் காப்பர்-டியை அகற்றச் சொல்லி அவசரப்பட வேண்டியதில்லை. தொந்தரவு திரும்பத் திரும்ப வந்தால் மருத்துவரோடு பேசி முடிவெடுக்கலாம். ஹார்மோன் கருத்தடை மாத்திரை எடுப்பவர்களிடம் பி.வி. குறைவாகவே இருக்கிறது.

துணியா, நாப்கினா? ஒடிசாவில் மருத்துவமனைக்கு வந்த 558 பெண்களிடம் நடந்த ஆய்வு இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டது. அவர்களில் 41 சதவீதம் பேருக்கு பி.வி. இருந்தது. துவைத்துப் பயன்படுத்தும் துணிக்கும் பூஞ்சைத் தொற்றுக்கும் தொடர்பு தெரிந்தது, பி.வி.க்கும் துணிக்கும் அப்படித் தெரியவில்லை. மாதவிடாய் நாட்களில் உடலைக் குறைவாகக் கழுவியவர்களிடம் பி.வி. அதிகம் இருந்தது. அதாவது, கழுவத் தனியிடமும் தண்ணீரும் இருப்பது முக்கியம். வெளிப்புறச் சுத்தம் என்பது வேறு, உள்ளே விட்டு அலசுவது என்பது வேறு என்பதை இந்த இடத்தில் இன்னொரு முறை சொல்லிவிடலாம்.

புகைபிடித்தலும் அபாயத்தைக் கூட்டும். பொதுக் கழிப்பறை, நீச்சல் குளம், பிறர் படுத்த படுக்கை ஆகியவற்றால் பி.வி. ஒட்டிக்கொள்வதில்லை. உடம்புச் சூட்டுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. தயிரில் இருப்பதும் லாக்டோபேசிலஸ் குடும்பத்தைச் சேர்ந்ததுதான் என்றாலும், அது பிறப்புறுப்பில் தங்கி வளரும் இனம் கிடையாது. தயிரைச் சோற்றோடு சாப்பிடுங்கள். தடவிக்கொள்ள வேண்டாம்.

விட்டால் என்ன ஆகும்?

பி.வி. உயிருக்கு ஆபத்தான நோய் கிடையாது. சிலருக்குத் தானாகவே சரியாகிவிடும். ஆனால் அமிலக் காவல் தளர்ந்த இடத்தில் மற்ற தொற்றுகளுக்கு வழி சுலபம். பி.வி. உள்ள பெண்ணுக்கு எச்.ஐ.வி. தொற்றும் அபாயம் சுமார் 60 சதவீதம் கூடுதல் என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். கிளமிடியா, கொனோரியா போன்ற தொற்றுகளுக்கும் வாய்ப்பு அதிகம். கருக்கலைப்பு, கர்ப்பப்பை அறுவை சிகிச்சை முதலியவற்றுக்குப் பின் தொற்று ஏற்படும் அபாயமும் கூடுகிறது.

கர்ப்பிணிகள் விஷயத்தில் அறிவியல் ஒரு புதிரைச் சந்தித்தது. பி.வி. உள்ள கர்ப்பிணிகளுக்குக் குறைப்பிரசவ அபாயம் ஏறத்தாழ இரு மடங்கு. அப்படியானால் எல்லாக் கர்ப்பிணிகளையும் சோதித்து முன்கூட்டியே மருந்து கொடுத்துவிட்டால் தடுத்துவிடலாம் அல்லவா? பிரான்சில் 84,530 கர்ப்பிணிகளைச் சோதித்து, பி.வி. இருந்தவர்களுக்குக் கிளிண்டமைசின் கொடுத்துப் பார்த்தார்கள். அபாயம் குறைவான பெண்களிடம் பலன் கிடைக்கவில்லை என்று 2018-ல் முடிவு வந்தது. அதனால் அறிகுறியில்லாத எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் சோதனை செய்வது இன்று பரிந்துரைக்கப்படுவதில்லை. அறிகுறி இருக்கும் கர்ப்பிணிக்குச் சிகிச்சை உண்டு. தயங்காமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

போன மச்சான் திரும்பி வந்தான்

மெட்ரோனிடசோல் மாத்திரை ஏழு நாள், அல்லது அதே மருந்தின் ஜெல், அல்லது கிளிண்டமைசின் கிரீம். இவைதான் வழக்கமான சிகிச்சை. கிளிண்டமைசின் கிரீமில் எண்ணெய்ப்பசை உண்டு, அது ஆணுறையைப் பலவீனமாக்கும் என்பது பலருக்கும் சொல்லப்படாத செய்தி. பெரும்பாலானவர்களுக்கு முதல் சுற்றிலேயே குணம் தெரியும். பிறகு மீண்டும் வரும். மருந்து எடுத்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ஓராண்டுக்குள் பி.வி. திரும்பிவிடுகிறது என்று 2006-ல் வெளியான மெல்பர்ன் ஆய்வு காட்டியது.

ஏன் திரும்புகிறது? உட்சுவரில் இந்த பாக்டீரியாக்கள் ஒட்டும்பசை போன்ற படலம் கட்டிக்கொள்கின்றன. மருந்து அதற்குள் முழுதாகப் போவதில்லை. களை பிடுங்கிய வயலில் நாற்று நடாவிட்டால் மறுபடியும் களைதானே முளைக்கும்? மருந்து கெட்டதை அழிக்கிறது. லாக்டோபேசிலஸை நட்டுவிட்டுப் போவதில்லை. அதையும் செய்து பார்த்தார்கள். மெட்ரோனிடசோல் ஜெல்லுக்குப் பிறகு லாக்டோபேசிலஸ் கிரிஸ்பேட்டஸ் இனத்தை உள்ளே வைத்த அமெரிக்க ஆய்வில், பன்னிரண்டு வாரத்துக்குள் நோய் திரும்பியவர்கள் 30 சதவீதம். வைக்காதவர்களில் 45 சதவீதம். 2020-ல் வந்த முடிவு இது. முன்னேற்றம்தான், முழுத் தீர்வாகவில்லை.

மிச்சமிருந்த ஒரு வாசலை யாரும் சரியாகத் திறந்து பார்க்கவில்லை. அது ஆண். இத்தனைக்கும் அந்தத் துப்பு முதல் நாளே கையில் இருந்தது. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகர மருத்துவர்கள் ஹெர்மன் கார்ட்னரும் சார்லஸ் டியூக்ஸும் 1955-ல் இந்த நோய்க்கு ஒரு பாக்டீரியாவைக் காரணமாகக் காட்டினார்கள். கார்ட்னெரெல்லா என்ற பெயரே கார்ட்னரிடமிருந்து வந்ததுதான். இன்று எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதிக்காத ஒரு சோதனையையும் அவர்கள் செய்தார்கள். தனியாக வளர்த்த பாக்டீரியாவை ஆரோக்கியமான 13 பெண்களின் பிறப்புறுப்பில் வைத்தபோது ஒருவருக்குத்தான் நோய் வந்தது. நோயாளியின் கசிவையே அப்படியே 15 பேருக்கு வைத்தபோது 11 பேருக்கு வந்தது. ஒரு கிருமி மட்டும் போதாது, கூட்டம் முழுதும் இடம் பெயர வேண்டும் என்பது அன்றே தெரிந்துவிட்டது. நோயாளிகளின் கணவர்களுடைய சிறுநீர்த் தாரையிலும் அதே பாக்டீரியாவைக் கண்டார்கள்.

இதற்குப் பிறகும் சிகிச்சை பெண்ணோடு நின்றுபோனது. 1980-களிலும் 90-களிலும் கணவருக்கும் மாத்திரை கொடுத்துப் பார்த்த ஆய்வுகள் நடந்தன. பலனில்லை என்று அவை சொன்னதால், 'ஆணுக்குச் சிகிச்சை தேவையில்லை' என்று வழிகாட்டி நூல்கள் எழுதிவிட்டன. மெல்பர்ன் குழு அந்த ஆய்வுகளிலிருந்த ஓட்டையைப் பார்த்தது. மாத்திரை மட்டும் கொடுத்தால் தோலின் மேல் இருக்கும் பாக்டீரியாவுக்கு என்ன ஆகும்? எனவே ஆண்களுக்கு ஏழு நாள் மெட்ரோனிடசோல் மாத்திரையோடு, ஆணுறுப்பின் தோலில் தடவக் கிளிண்டமைசின் கிரீமும் கொடுத்தார்கள். மொத்தம் 164 ஜோடிகள். பெண்ணுக்கு மட்டும் மருந்து கொடுத்த பிரிவில் பன்னிரண்டு வாரத்துக்குள் 63 சதவீதம் பேருக்கு நோய் திரும்பியது. இருவருக்கும் கொடுத்த பிரிவில் 35 சதவீதம்.

எழுபது ஆண்டுகளாக ஒரு பெண்ணுக்கு பி.வி. திரும்பத் திரும்ப வந்தபோது, அவருடைய சுத்தத்தைக் குறை சொன்னோம். மருந்தை ஒழுங்காகப் போடவில்லை என்றோம். பல நேரங்களில், குணமான பிறகு கணவரிடமிருந்து அதே பாக்டீரியா அவருக்குத் திரும்பி வந்துகொண்டிருந்திருக்கிறது. இந்த ஆய்வுக்கும் எல்லைகள் உண்டு. பங்கேற்றவர்கள் ஒருவருக்கு ஒருவர் மட்டுமே துணையாக இருந்த ஆண்-பெண் ஜோடிகள். ஆண்களில் பெரும்பாலோர் சுன்னத்து செய்யாதவர்கள். எல்லாருக்கும் இது பொருந்தும் என்று சொல்ல இன்னும் ஆய்வுகள் வேண்டும். ஆனால் திரும்பத் திரும்ப வரும் பி.வி.க்கு 'கணவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்' என்று மருத்துவர் சொல்வதற்கு இப்போது ஆதாரம் இருக்கிறது.

வேலூர் சொன்ன ஐந்து காரணங்கள்

தமிழ்நாட்டுக்கு வருவோம். வேலூர் பகுதியில் 16 முதல் 22 வயது வரையுள்ள திருமணமான பெண்கள் 451 பேரிடம் நடந்த ஆய்வு 2005-ல் வெளியானது. 53 சதவீதம் பேர் ஏதாவது ஒரு பெண்நோய் அறிகுறியைச் சொன்னார்கள். 38 சதவீதம் பேருக்கு இனப்பெருக்கப் பாதைத் தொற்று இருப்பது ஆய்வுக்கூடத்தில் உறுதியானது. அவற்றில் கணிசமானவை உள்ளே சமநிலை குலைந்து வரும் பி.வி., பூஞ்சை போன்றவை. அறிகுறி இருந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் எந்தச் சிகிச்சையும் எடுக்கவில்லை. ஏன் என்று கேட்டபோது வந்த பதில்கள் இவை: பக்கத்துச் சுகாதார மையத்தில் பெண் மருத்துவர் இல்லை, பேசத் தனிமை இல்லை, தூரம், செலவு, 'இதெல்லாம் பெண்களுக்குச் சகஜம்தானே' என்ற எண்ணம்.

சிகிச்சைக்குப் போகிறவர்களுக்கும் சோதனை நடப்பது அரிது. ஆய்வுக்கூடம் இல்லாத இடங்களுக்கென்று தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு ஒரு வழியை வைத்திருக்கிறது. அறிகுறியை வைத்தே மருந்துப் பொட்டலம் கொடுப்பது. வெள்ளைப்படுதலுக்கான பச்சை நிறப் பொட்டலத்தில் செக்னிடசோலும் ஃப்ளுகோனசோலும் இருக்கும், முன்னது பி.வி.க்கும் டிரைக்கோமோனஸ் என்ற பால்வினைத் தொற்றுக்கும், பின்னது பூஞ்சைக்கும். அரசு மருத்துவமனைகளின் சுகவாழ்வு மையங்களில் இது இலவசம். எதுவும் இல்லாததற்கு இது எவ்வளவோ மேல். ஆனால் எது நோய் என்று தெரியாமல் எல்லாவற்றுக்கும் மருந்து விழுங்குவதில் தேவையற்ற மருந்துச் சுமை இருக்கிறது.

பேசப்படாத வெள்ளைப்படுதல் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு மகாராஷ்டிராவின் பீட் மாவட்டம் சாட்சி. அங்கே கரும்பு வெட்டப் போகும் பெண்கள் வெள்ளைப்படுதல், வயிற்றுவலி போன்ற தொந்தரவுகளோடு தனியார் மருத்துவமனைகளுக்குப் போய், கர்ப்பப்பையை எடுத்துக்கொண்டு திரும்பினார்கள் என்ற செய்தி 2019-ல் நாட்டை உலுக்கியது. சுமார் 82,000 பெண் தொழிலாளர்களிடம் எடுத்த கணக்கில் 13,000-க்கும் மேற்பட்டோருக்குக் கர்ப்பப்பை இல்லை. தேவையற்ற கர்ப்பப்பை நீக்கத்தைத் தடுக்கும் வழிகாட்டுதல்களை எல்லா மாநிலங்களும் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023-ல் உத்தரவிட்டது. ஏழு நாள் மாத்திரையில் தீரக்கூடிய ஒன்றுக்கு யாராவது அறுவை சிகிச்சை என்று சொன்னால், இன்னொரு மருத்துவரிடம் கேட்காமல் கையெழுத்துப் போடக் கூடாது.

எதை வைத்து அடையாளம் காணலாம்?

* மாதத்தின் நடுவில் முட்டையின் வெள்ளைக்கரு போலத் தெளிவாக, வாடையில்லாமல் வருவது இயல்பு. மருந்து வேண்டாம்.
* சாம்பல் வெள்ளையாக, மெலிதாக, மீன் வாடையோடு வந்தால் பி.வி.யாக இருக்கலாம். அரிப்பு பெரும்பாலும் இருக்காது.
* தயிர்த் திரி போலக் கெட்டியாக, கடும் அரிப்போடு, வாடையில்லாமல் வந்தால் பூஞ்சையாக இருக்கலாம்.
* மஞ்சள் அல்லது பச்சை கலந்து நுரையாக வந்தால் டிரைக்கோமோனஸ் தொற்றாக இருக்கலாம். இதில் கணவருக்கும் கட்டாயம் சிகிச்சை.
* அடிவயிற்று வலி, காய்ச்சல், உறவுக்குப் பின் ரத்தம், மாதவிடாய் நின்றபின் ரத்தம் கலந்த கசிவு, கர்ப்ப காலத்தில் வாடையுள்ள கசிவு ஆகியவை இருந்தால் வீட்டு வைத்தியம் வேண்டாம், உடனே மருத்துவமனை.
* மருத்துவரிடம் போகும் முன் உள்ளே கழுவாதீர்கள், மருந்து எதுவும் வைக்காதீர்கள். சோதனை முடிவு மாறிவிடும்.

செலவு அதிகமில்லாத ஒரு தீர்வு

நம் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கான பரிசோதனை நடக்கிறது. அதற்கான மேஜை இருக்கிறது, ஸ்பெகுலம் இருக்கிறது, பயிற்சி பெற்ற செவிலியர் இருக்கிறார், மறைப்புத் திரையும் இருக்கிறது. பரிசோதனைக்கு வரும் பெண்ணிடம் 'வெள்ளைப்படுகிறதா, வாடை இருக்கிறதா?' என்று ஒரு கேள்வியும், ஒரு பி.ஹெச். தாளும், ஒரு துளி கரைசலும் கூடுதலாகச் சேர்ந்தால் போதும். பூஞ்சைக்கு பி.வி. மருந்தும் பி.வி.க்குப் பூஞ்சை மருந்தும் போய்ச் சேரும் குழப்பத்தில் பெரும்பகுதி அந்த மேஜையிலேயே தீர்ந்துவிடும்.

கணவர்மார்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. மனைவிக்கு இது மூன்றாவது, நான்காவது முறையாகத் திரும்பி வந்திருந்தால், அடுத்த முறை மருத்துவமனைக்கு வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு டீக்கடையில் காத்திருக்க வேண்டாம். உள்ளே போய்ப் பக்கத்து நாற்காலியில் உட்காருங்கள். 'எனக்கும் மருந்து வேண்டுமா, டாக்டர்?' என்று நீங்களே கேளுங்கள். அந்தக் கேள்வியை மனைவி கேட்டால் அவருக்குச் சங்கடம். நீங்கள் கேட்டால் அது சிகிச்சையில் பாதி.